ஆபீஸ் போனும் ஆபீஸ் கம்ப்யூட்டரும் நம் வீட்டுக்கு வந்த கதை



அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் அஜெண்டாவைப் பார்த்திருப்பீர்கள். பெயின்டிங், போர்வெல் மோட்டார், பார்க்கிங் தகராறு எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சின்ன வரி இருக்கிறது: "சங்க அலுவலகத் தரைவழித் தொலைபேசியைச் சரண்டர் செய்வது." அதில் யாரும் கூப்பிடுவதில்லை, மாத வாடகை வீண், ஃபைபர் இணைப்போடு ஒரு போன் சும்மாவே வருகிறது என்று செயற்குழுவில் சொன்னார்கள். மூன்றும் உண்மைதான். ஆனாலும் கை தூக்கி ஓட்டுப் போடுவதற்கு முன் ஒரு பழைய கதையைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் நெட்வொர்க் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீட்டி முழக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வேலை. செக்யூரிட்டியிடம் சாவி வாங்கி, தரைத்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கேபிள் டக்டைத் திறந்து பாருங்கள். அடியில் துருப்பிடித்த டி.பி. பாக்ஸ், அதிலிருந்து மேலே போகும் செம்புக் கம்பி. அதன்மேல் கேபிள் டி.வி.யின் கருப்பு வயர். அதற்கும் மேல் நீல நிற நெட்வொர்க் கேபிள். எல்லாவற்றுக்கும் மேலே, தலைமுடியைவிடச் சற்றே தடித்த கண்ணாடி இழையைச் சுமக்கும் மெல்லிய ஃபைபர். எதையும் யாரும் கழற்றவில்லை, ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். நான் சொல்லப்போகும் கதை முழுவதும் அந்த டக்டுக்குள்தான் இருக்கிறது.

கம்ப்யூட்டர் வலையில் குரலை அனுப்புவது நேற்றைய யோசனை என்று நினைக்காதீர்கள். 1974-லேயே அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் வழியாக, கலிஃபோர்னியாவில் இருந்த ஐ.எஸ்.ஐ. என்ற ஆய்வு நிறுவனத்துக்கும் கிழக்குக் கரையில் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்துக்கும் இடையே பேசிப் பார்த்துவிட்டார்கள். அதற்கான விதிமுறையை எழுதியவர் டேனி கோஹன். அவர் கண்டுகொண்ட விஷயம் எளிமையானது. ஒரு கோப்பை அனுப்பும்போது நடுவில் ஒரு துண்டு தொலைந்தால் நின்று, திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் மேலே போகவேண்டும். பேச்சில் அப்படிச் செய்தால் காரியம் கெட்டுவிடும். ஒரு எழுத்து விழுங்கப்பட்டாலும் நம் காது சமாளித்துக்கொள்ளும். ஆனால் அந்த எழுத்துக்காக அரை விநாடி காத்திருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். இந்த வாதம் 1978-இல் டி.சி.பி.யையும் ஐ.பி.யையும் இரண்டாகப் பிரித்ததற்கு ஒரு முக்கியக் காரணம். இன்று நீங்கள் பேசும் பெரும்பாலான இணைய அழைப்புகள், தொலைந்ததைத் தேடாமல் மேலே போகும் யு.டி.பி. என்ற வழியில்தான் போகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் ஊருக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். வழியாக. அப்போது நம் ஊர் இன்னும் மெட்ராஸ்தான். அதே 1995-இல் உலகில் இன்னும் மூன்று காரியங்கள் நடந்தன. வோக்கல்டெக் என்ற இஸ்ரேல் நிறுவனம் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் இணையப் போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஃபின்லாந்தில் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ கடவுச்சொற்களைத் திருடிய கோபத்தில், தாட்டு யூலோனென் என்ற ஆய்வாளர் எஸ்.எஸ்.எச். என்ற பூட்டிய வழியை எழுதி இலவசமாகக் கொடுத்தார். இணையத்தில் போகும் எந்தப் பொட்டலத்தையும் சங்கேதமாக்கும் ஐபிசெக் விதிகளின் முதல் வடிவம் வெளிவந்தது. குரல், தொலைவிலிருந்து உள்ளே நுழைவது, அதற்கான பூட்டு மூன்றும் ஒரே வருஷத்தில் மேசைக்கு வந்துவிட்டன என்று சொல்லலாம்.

அடுத்த வருஷம் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் என்.டி. 4.0-வில் பி.பி.டி.பி. என்ற முறையைச் சேர்த்தது. அதை எழுதியவர்களில் ஒருவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த குர்தீப் சிங் பால். இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் வி.பி.என். என்பது ஆபீஸ்களுக்குள் பரவலாக நுழைந்தது இதன் வழியாகத்தான். வி.பி.என். என்றால் என்ன என்று என் மனைவி கேட்டபோது நான் சொன்னது இது: ஹெட் ஆபீசுக்கு எழுதிய கடிதத்தை ஒரு கவரில் போட்டு அரக்கு சீல் வைத்து, அந்தக் கவரை இன்னொரு கவரில் போட்டு ஊர்த் தபாலில் சேர்ப்பது. தபால்காரர் வெளிக்கவரின் விலாசத்தை மட்டும் பார்ப்பார். உள்ளே யாருக்கு யார் எழுதியது என்பது சீலை உடைக்கும் இடத்தில்தான் தெரியும். பி.பி.டி.பி.யின் அரக்கு மட்டமானது என்று 1998-லேயே ப்ரூஸ் ஷ்னையரும் மட்ஜ் என்பவரும் எடுத்துச் சொன்னார்கள். 2012-இல் அதை ஒரே நாளில் உடைத்துக் காட்டியும் விட்டார்கள். அதற்குப் பிறகும் பல அலுவலகங்களில் அது ஓடிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேலை செய்கிற எதையும் நம் ஆட்கள் தொடமாட்டார்கள், பூட்டாக இருந்தாலும் சரி, பம்ப்செட்டாக இருந்தாலும் சரி.

ஒரே மேசையில் இரண்டு போன்

நம் நாட்டில் தொழில்நுட்பத்தைவிடச் சட்டம்தான் நிறைய முடிச்சுப் போட்டது. 1998-இல் தனியார் இணைய நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தபோது இணையத்தில் தொலைபேசி கூடாது என்று எழுதியே கொடுத்தார்கள். வெளிநாட்டு அழைப்பில்தான் அன்றைக்குப் பெரும் வருமானம், விடுவார்களா? 2002 ஏப்ரல் 1 முதல் ஒரு ஜன்னலை மட்டும் திறந்தார்கள். கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேசலாம், வெளிநாட்டிலுள்ள சாதாரண போனுக்கும் பேசலாம். ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து அடுத்த தெருவில் இருக்கும் போனுக்குப் பேசக் கூடாது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பேசலாம், சைதாப்பேட்டைக்குக் கூடாது.

அந்த வருஷம்தான் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள ஐ2ஐ கடலடிக் கேபிள் வந்தது. டைடல் பார்க் திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கால் சென்டர்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. நான் வேலை பார்த்த இடத்தில் ஒவ்வொரு மேசையிலும் இரண்டு போன் இருக்கும். ஒன்று அமெரிக்க வாடிக்கையாளரோடு இணையவழியில் பேச, இன்னொன்று உள்ளூர் எக்ஸ்சேஞ்ச் லைன். இரண்டையும் ஒன்றோடொன்று இணைப்பது குற்றம், ஏனென்றால் அப்படி இணைத்தால் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. கட்டணம் இல்லாமல் அழைப்பைக் கடத்திவிடலாம். தொலைத்தொடர்புத் துறையிலிருந்து ஆய்வுக்கு வந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பிற்பாடு வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் டெலிபோன் மென்பொருளிலேயே இந்திய விதிக்கென்று தனியாக ஒரு தடுப்புச்சுவர் வசதியைச் சேர்த்து விற்றன.

வீட்டிலிருந்து வேலை? 2008-இல் அதற்கும் வழி சொன்னார்கள். வீட்டிலிருக்கும் ஊழியரை அலுவலகத்தின் நீட்டிக்கப்பட்ட ஒரு மேசையாகக் கருதலாம். இணைப்பு, உரிமம் பெற்ற சேவை நிறுவனம் அமைத்துத் தரும் வி.பி.என். வழியாகத்தான் இருக்கவேண்டும். நிறுவனம் 1 கோடி ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் கட்டவேண்டும். பிரசவத்துக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்ட ஒரு பெண்ணின் மனு எங்கள் எச்.ஆர். பிரிவில் எத்தனை மாதம் சுற்றியது, கடைசியில் என்ன பதில் வந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

256-இன் கணக்கு

நம் வீடுகளில் நிலைமை என்ன? டயல்-அப் மோடத்தின் கீச்சுச் சத்தத்தை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நெட் பார்த்தால் போன் எங்கேஜ்டு. இதற்கு நம் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு அருமையான ஒரு விடை கண்டது. கோர்டெக்ட் என்று பெயர். கம்பியில்லாத இணைப்பு, பேசிக்கொண்டே 35 கிலோபிட் வேகத்தில், பேசாதபோது 70 கிலோபிட் வேகத்தில் இணையமும் பார்க்கலாம். கிராமங்களை மனதில் வைத்துச் செய்தது. மொபைல் போன் அலை அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

2004 அக்டோபரில் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை வந்தது. விநாடிக்கு 256 கிலோபிட் இருந்தால் பிராட்பேண்ட் என்று வரையறுத்தார்கள். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் தொடங்கியது. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது என்பதற்காக அலாரம் வைத்து எழுந்தவர்கள் நம் பிளாக்கிலேயே உண்டு.

அந்த 256-இல் ஆபீஸ் போனை வீட்டுக்குக் கொண்டுவர எங்கள் நிறுவனத்தில் சோதனை செய்தோம். ஏன் தோற்றோம் என்பதைக் கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன். இன்று ஜூம் அழைப்பில் குரல் தேய்ந்து ரோபோ மாதிரி ஆவதற்கும் இதே கணக்குத்தான் பல சமயம் காரணம்.

குரலைக் கம்ப்யூட்டர் 20 மில்லிவிநாடித் துண்டுகளாக நறுக்குகிறது, அதாவது விநாடிக்கு 50 துண்டு. சுருக்கிய குரல் என்றால் ஒரு துண்டில் இருப்பது 20 பைட் மட்டுமே. ஆனால் அதன்மேல் ஒட்டும் விலாசச் சீட்டுகளே 40 பைட். வி.பி.என். கவரும் சீலும் சேர்ந்தால் இன்னும் 50, 60 பைட். கடலைமிட்டாயைவிடப் பொட்டலக் காகிதம் கனமான கதை. அதுகூடப் பரவாயில்லை, 256-க்குள் அடங்கிவிடும். சிக்கல் வேறிடத்தில். பக்கத்து அறையில் பையன் ஒரு படத்தை மெயிலில் அனுப்புகிறான் என்று வையுங்கள். அவனுடைய ஒரு பொட்டலம் 1,500 பைட். அந்த ஒன்று 256 கிலோபிட் கம்பியில் ஏறி முடிக்கவே ஏறக்குறைய 47 மில்லிவிநாடி. அது போகும்வரை குரல் துண்டுகள் இரண்டு மூன்று வாசலிலேயே நிற்கும். பையனின் பொட்டலங்களோ ஒன்றல்ல, வரிசையாக நிற்கும். பேச்சு இயல்பாக இருக்க, ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்குப் போக 150 மில்லிவிநாடிக்குள் இருக்கவேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். கடல் கடந்து போகும் நேரத்தையும் கூட்டினால் கணக்கு உதைக்கும்.

நாங்கள் செய்த இரண்டாவது தவறு, குரலை டி.சி.பி. மேல் ஓடும் வி.பி.என்.னுக்குள் திணித்தது. ஃபயர்வாலைத் தாண்ட அதுதான் சுலபமான வழியாக இருந்தது. டேனி கோஹன் சொன்னது இங்கேதான் திரும்பி வருகிறது. ஒரு துண்டு தொலைந்தால், குரலே வேண்டாம் என்று சொன்னாலும் வெளிக்கவர் கேட்காது, நின்று தேடும். வாடிக்கையாளர் "ஹலோ, ஹலோ" என்று நான்கு முறை சொன்னபிறகு நான்கும் ஒன்றாக வந்து விழும். சோதனையை ஆறு வாரத்தில் மூட்டை கட்டினோம். உங்கள் ஆபீஸ் வி.பி.என். செட்டிங்கில் டி.சி.பி., யு.டி.பி. என்று தேர்வு இருந்தால் யு.டி.பி.யை வைத்துப் பாருங்கள். அலுவலக ஐ.டி. பிரிவிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

நம் கேமரா பெட்டி

இந்தப் பகுதியை எழுதலாமா என்று யோசித்தேன். அப்போதைய செயற்குழுவில் நானும் இருந்தேன் என்பதால் எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

பல வருஷங்களுக்கு முன் கேட்டிலும் பேஸ்மென்டிலும் கேமரா வைத்தோம். செயலாளர் மொபைலிலேயே பார்க்கலாம் என்று மாட்டிய நிறுவனத்தார் பெருமையாகச் செய்துகாட்டினார்கள். நாங்களும் கைதட்டினோம். அவர்கள் செய்தது, சங்க அலுவலக ரூட்டரில் வெளியிலிருந்து நேராகக் கேமரா பெட்டிக்கு ஒரு வாசல் திறந்துவிட்டது. பெட்டியின் கடவுச்சொல்லோ தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, மாற்றவில்லை. மாற்றச் சொல்லி எனக்கும் தோன்றவில்லை. தொழிலே அதுதான் எனக்கு, வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

2016-இல் மிராய் என்ற தீங்குநிரல் இப்படிப்பட்ட பெட்டிகளையும் கேமராக்களையும் உலகம் முழுக்கத் தேடி, தெரிந்த சில டஜன் கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்து உள்ளே புகுந்தது. அக்டோபர் 21 அன்று அந்தப் படை டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் முடங்கின. அதன் மூலநிரல் அதற்கு முன்பே பொதுவெளிக்கு வந்துவிட்டதால் குட்டிகள் நிறையப் பிறந்தன.

நம் அலுவலகத்தில் இன்டர்நெட் இழுக்கிறது என்று புகார் வந்து நான் போய்ப் பார்த்தபோது, யாரும் கேமராவைப் பார்க்காத நேரத்திலும் அந்தப் பெட்டி இடைவிடாமல் எங்கோ எதையோ அனுப்பிக்கொண்டிருந்தது. என்ன அனுப்பியது, யார் சொல்லி அனுப்பியது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டியை அழித்துப் புதிதாக நிறுவி, திறந்த வாசலை மூடி, செயலாளர் மொபைலிலிருந்து வி.பி.என். வழியாக மட்டும் பார்க்கும்படி மாற்றினோம். ஆனால் அதற்கு முன் எத்தனை மாதம், நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் போவதும் வருவதும் கேட்டில் பதிவானது யார் கண்ணுக்கெல்லாம் போயிருக்கும் என்ற கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை.

வி.பி.என். போட்டுவிட்டால் கவலையில்லை என்றும் நினைக்கவேண்டாம். 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் பெட்ரோல் குழாய் பல நாட்கள் நின்றுபோனதே, அதில் திருடர்கள் நுழைந்தது யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய வி.பி.என். கணக்கு வழியாக. கடவுச்சொல் மட்டும் போதும், மொபைலுக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்பு அந்தக் கணக்குக்கு இல்லை. பதவி முடிந்த செயலாளர்களின் கணக்குகள் நம் கேமராவில் இன்னும் இருக்கின்றனவா என்று போன வாரம் பார்த்தேன். மூன்று இருந்தன, அதில் ஒன்று என்னுடையது. நீக்கிவிட்டோம்.

2020 மார்ச்

பன்னிரண்டு வருஷம் அசையாமல் இருந்த விதி ஒரு வெள்ளிக்கிழமையில் அசைந்தது. 2020 மார்ச் 13 அன்று தொலைத்தொடர்புத் துறை வங்கி உத்தரவாதத்தையும் சேவை நிறுவனத்தின் வி.பி.என். கட்டாயத்தையும் தற்காலிகமாகத் தளர்த்தியது. நிறுவனங்கள் தாங்களே பாதுகாப்பான வி.பி.என். அமைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு நாளில் நாடு முழுக்க ஊரடங்கு. கேட்டில் கார் டிக்கிகளிலிருந்து டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்கள் இறங்கியது நினைவிருக்கிறதா? லிஃப்டில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியோடு ஏறினவர்களைப் பார்த்தேன். ஏப்ரல் 30 வரை என்றது நீண்டுகொண்டே போய், நவம்பரிலும் அடுத்த ஜூனிலும் வந்த புதிய விதிகள் பழைய முடிச்சுகளை அவிழ்த்தே விட்டன. அந்தப் பெண்ணின் மனுவை நினைத்துக்கொண்டேன். எல்லாம் காகிதத்தில் இருந்த தடைதான், கம்பியில் இருந்ததல்ல.

உள்ளூர் எண்ணோடு இணையத் தொலைபேசி 2018-இல் முறைப்படி வந்தது. 2019 டிசம்பரில் வை-ஃபை காலிங். தரைத்தள வீடுகளில் மொபைல் சிக்னல் வராததால் நம்மில் பலர் அதைத்தான் பயன்படுத்துகிறோம். அதைப் பற்றி ஒரு விஷயம்: வை-ஃபை காலிங்கில் உங்கள் போன் முதலில் மொபைல் நிறுவனத்தின் வாசல்வரை ஒரு ஐபிசெக் சுரங்கம் போடுகிறது, பிறகுதான் குரலை அனுப்புகிறது. 1995-இல் எழுத ஆரம்பித்த அதே பூட்டு. வி.பி.என். என்றால் என்னவென்றே தெரியாது என்று சொல்லும் நம் ஏ பிளாக் மாமி, மகளோடு தினமும் ஒரு மணி நேரம் வி.பி.என்.னில்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

இனி அந்தச் செம்புக் கம்பி. டக்டில் இருக்கும் மற்ற எல்லா வயர்களுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அது குரலை மட்டும் கொண்டுவரவில்லை, கரண்டையும் கொண்டுவருகிறது. எக்ஸ்சேஞ்சில் உள்ள பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் அதே கம்பியில் வருவதால், நம் கட்டடம் முழுக்க இருண்டாலும் கம்பி அறுபடாமல், எக்ஸ்சேஞ்ச் மூழ்காமல் இருக்கும்வரை சாதாரண போன் பேசும். ஃபைபரில் கரண்ட் வராது. ஃபைபர் பெட்டி, ரூட்டர் இரண்டுக்கும் நாம்தான் மின்சாரம் கொடுக்கவேண்டும். நம் ஜெனரேட்டர் லிஃப்டையும் பம்பையும் பொதுவிளக்கையும் தாங்குகிறது. சங்க அலுவலக ப்ளக் பாயிண்ட் அதில் இல்லை, எலெக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய் சோதித்துவிட்டேன். அதாவது கரண்ட் போன மழைநாளில், மொபைல் சிக்னலும் இல்லாத கேட்டில், ஆம்புலன்ஸைக் கூப்பிட நம் செக்யூரிட்டிக்கு இருக்கும் ஒரே வழி சரண்டர் செய்யப்போகும் அந்த லைன்தான்.

செம்பையே கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த லைனும் வருஷத்தில் பாதி நாள் டெட் ஆகத்தான் கிடக்கிறது, எக்ஸ்சேஞ்சுகளிலும் செம்பை எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். என் வேண்டுகோள் இவ்வளவுதான்: முதலில் அலுவலக ப்ளக் பாயிண்டை ஜெனரேட்டரோடு சேர்ப்போம், ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்று வாங்குவோம், ஒரு மாலை மெயினை அணைத்துவிட்டு கேட்டிலிருந்து 112-க்குப் பதில் என் வீட்டுக்குப் போன் செய்து பார்ப்போம். மணி அடித்தால் மறுநாளே சரண்டர் மனுவில் நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன். இந்த வரிசையில் தீர்மானத்தைத் திருத்தும்படி செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்; வழிமொழிய ஒருவர் தேவை.